பத்துக்கு ஆறு

குளுவாங்,
2-3-1958

அன்புள்ள சந்திரமதி,

நீ அனுப்பிய 'மழை நாள்' கட்டுரையைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்துப் பயந்துவிடாதே. என் வகுப்புப் பையன்களின் நோட்டுகளைப் பார்த்தால் உன்னுடையது எவ்வளவோ மேல். அவர்களில் பாதிப் பேர் நேற்றுப் பெய்த மழையை நாளைக்குப் பெய்ய வைத்துவிடுகிறார்கள்.

நீ தவறுவது ஒரே இடத்தில்தான். தமிழில் நமக்கு 'ஆக' என்று ஒன்று இருக்கிறது. 'மெதுவாக நடந்தாள்' என்போம். 'சோகமாக இருந்தாள்' என்றும் சொல்வோம். இரண்டுக்கும் அதே 'ஆக' போதும். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். நடந்தாள், விழுந்தாள், சிரித்தாள் என்று ஒருத்தி எதையாவது செய்தால், அதை எப்படிச் செய்தாள் என்பதற்கு அட்வெர்ப் போடவேண்டும். பெரும்பாலும் அதன் வாலில் ஒரு 'லி' இருக்கும். 'வாக்ட் ஸ்லோலி.' ஆனால் அவள் எப்படி இருந்தாள், பார்க்க எப்படித் தெரிந்தாள், மனசுக்குள் எப்படி உணர்ந்தாள் என்றால் அங்கே வெறும் அட்ஜெக்டிவ்தான். 'லுக்ட் சேட்.' 'ஃபெல்ட் கோல்ட்.' நீயோ 'தி ஸ்கை லுக்ட் டார்க்லி' என்று எழுதியிருக்கிறாய். வானம் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை, தாயே. அது கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அட்வெர்பை வினைக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறாய். தமிழில் வினை கடைசியில் வருவதால் உன் கை அப்படிப் போகிறது. கையைக் கொஞ்சம் அடக்கு.

அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு 'ஒரு விபத்து'. முழுக்க முழுக்க பாஸ்ட் டென்ஸில் இருக்கவேண்டும். கற்பனை செய்து எழுது. உன்னை அதில் இழுக்காதே. 'ஒரு பெண்' என்று ஆரம்பி, அப்போதுதான் 'ஐ'யை விட்டு 'ஷி' உனக்குப் பழகும்.

வாத்தியார்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கும் குவார்ட்டர்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் எந்த வீடும் காலியாகவில்லை. ஆனால் உன்னை அழைத்துக்கொள்ளாமல் நான் வேறு யாரை அழைக்கப்போகிறேன்? அதற்குள் உன் இங்கிலீஷும் தேறிவிடும். எங்கள் ஹெட்மாஸ்டர் வெள்ளைக்காரர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவருடைய மனைவி மாதம் ஒருமுறை வாத்தியார்களை மனைவிமாரோடு டீக்குக் கூப்பிடுவார். அங்கே போய் நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

ஏப்ரல் விடுமுறைக்கு வருகிறேன். தையல் மெஷினிலேயே குனிந்து கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
சேதுபதி


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்,
16-3-1958

அத்தானுக்கு,

கட்டுரை அனுப்பத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு முடியாமல் இருந்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். தைக்க வாங்கிய ரவிக்கைகள் அப்படியே கிடக்கின்றன. கொடுத்தவர்கள் கீழே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகிறார்கள். கீழ்வீட்டு அந்தோனியம்மாக்காதான் அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புகிறார்கள்.

நீங்கள் கொடுத்த தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி 'ஒரு பெண்' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். அப்படி எழுதுவது சுலபமாக இருந்தது. முதலில் தமிழில்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் கை போகவில்லை.

ஒரு வேண்டுகோள். சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை சும்மா படியுங்கள். படித்ததும் பதில் போடுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சந்திரமதி


குளுவாங்,
20-3-1958

அன்புள்ள சந்திரமதி,

சபாஷ்! நீ இவ்வளவு எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு பக்கம்! பத்துக்கு ஆறு கொடுத்திருக்கிறேன். என் கையில் ஆறு வாங்குவது எளிதல்ல. இங்கே என் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உன்னிடம் கற்பனை இருக்கிறது. விடியற்காலையில் ஒரு பெண் வாளியோடு படியேறுகிறாள், கால் வழுக்கி விழுகிறாள், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த கர்ப்பம் கலைந்துவிடுகிறது. கொஞ்சம் சோகம் அதிகம்தான். 'எ நியூ கிரீன் காட்டன் சாரி' என்று அவளுடைய சேலையை வர்ணித்தாயே, மூன்று அட்ஜெக்டிவும் முறையான வரிசையில் வந்திருக்கின்றன. அதற்கே ஒரு மார்க் கொடுத்தேன்.

தவறுகளுக்கு வருகிறேன். 'ஷி ஹெவி ஃபெல்' என்று எழுதியிருக்கிறாய். 'ஃபெல் ஹெவிலி' என்று வரவேண்டும். 'ஷி க்வைட்லி வாஸ்' தப்பு. 'வாஸ் க்வைட்' என்று எழுது. கடைசியில் 'ஷி ஃபெல்ட் எம்டி' என்று எழுதியிருக்கிறாயே, அட்ஜெக்டிவைச் சரியாகப் போட்டுவிட்டாய், பாடம் ஏறியிருக்கிறது. ஆனால் வார்த்தை பொருத்தமில்லை. 'எம்டி' என்பது பானைக்கும் பிஸ்கட் டின்னுக்கும் சொல்வது. அடித்துவிட்டு 'சேட்' என்று போட்டிருக்கிறேன்.

கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இவ்வளவு நடந்தும் அந்தப் பெண் புருஷனுக்கு ஒரு தந்திகூட அடிக்கவில்லை என்கிறாய். நம்பும்படி இல்லை. எந்த மனைவியும் முதலில் அதைத்தான் செய்வாள். ஓரத்தில் அதைக் குறித்திருக்கிறேன்.

உன் வாக்கியங்கள் மூன்றை நேற்று வகுப்பில் கரும்பலகையில் எழுதித் திருத்தச் சொன்னேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை, கவலைப்படாதே. 'ஷி ஹெவி ஃபெல்' என்றதும் ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்து காட்டினான். வகுப்பே சிரித்து உருண்டது. ஆனால் அந்தப் பாடம் இனி அவர்களுக்கு மறக்காது.

உடம்புக்கு முடியவில்லை என்றாயே, காய்ச்சலா? கசாயம் வைத்துக் குடி.

அடுத்த தலைப்பு 'ஒரு திருமணம்'. கொஞ்சம் சந்தோஷமாக எழுது.

உன்,
சேதுபதி


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்,
27-3-1958

அந்தப் பெண் நான்தான்.

இதைத் தமிழில் எழுத முடியாமல்தான் உங்கள் இங்கிலீஷில் எழுதினேன். இப்போது எழுத வருகிறது. கோபம் வந்தால் கை தானாகப் போகிறது.

மாசி மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. பொங்கலுக்கு நீங்கள் வந்துபோனதோடு சரி. கடிதத்தில் எழுதினால் அதையும் திருத்தி அனுப்புவீர்களோ என்று விளையாட்டாக நினைத்துக்கொண்டேன். ஏப்ரலில் நீங்கள் வரும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்க ஆசை.

மாடிக் குழாயில் காலையில் தண்ணீர் ஏறாது என்பது உங்களுக்குத் தெரியும். கீழே பிடித்துத்தான் தூக்கிவரவேண்டும். தூக்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அந்தோனியம்மாக்காவிடம் சொல்லியிருந்தால் அவர்களே தூக்கிக் கொடுத்திருப்பார்கள். புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் கீழ்வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் படியேறினேன். விழுந்த சத்தம் கேட்டு அவர்கள் ஓடிவந்தார்கள். சேலையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஏன் புள்ள, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் தூக்கிக் குடுத்திருப்பேன்லா" என்று டாக்சியில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் திட்டினார்கள். திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார்கள்.

பச்சைச் சேலைக்கு ஒரு மார்க் கொடுத்தீர்களே, அது நீங்கள் பொங்கலுக்கு வாங்கிவந்தது. சிராங்கூன் ரோட்டில் இரண்டு பேரும் போய்த்தான் எடுத்தோம். வெயிலில் கொண்டுவந்து நிறம் பார்த்தீர்கள். அதை மறந்துவிட்டீர்கள்.

தந்தி ஏன் அடிக்கவில்லை என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அக்கா அடிக்கத்தான் கிளம்பினார்கள். நான் அவர்கள் காலைப் பிடித்துத் தடுத்தேன். ஒரு வாளியைக்கூட ஒழுங்காகத் தூக்கத் தெரியாதவள் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று பயந்தேன். நான் எதைச் செய்தாலும் அதில் உங்களுக்கு ஒரு தப்பு கிடைக்கும். இதில் எவ்வளவு பெரிய தப்பு கிடைக்கும்!

'எம்டி' என்றுதான் எழுதினேன். அகராதியில் தேடி எடுத்த வார்த்தை. எனக்கு அப்போது சோகம்கூட இல்லை. காலியாகத்தான் இருந்தது. நீங்கள் அதை அடித்துவிட்டீர்கள்.

நான் விழுந்ததை நடித்துக் காட்டிச் சிரித்தார்களாமே, உங்கள் பையன்கள். நீங்களும் சிரித்தீர்களா?

இன்னொன்றும் தெரிந்துபோயிற்று. அக்காவின் தம்பி மகன் ஜார்ஜ் உங்கள் பள்ளிக்கூடத்தில்தானே கணக்குச் சொல்லித்தருகிறார்? ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலுக்கு வந்தவர் அத்தையைப் பார்க்க வந்தார். என்னைப் பார்த்ததும், "என்னங்க, இன்னும் இங்கயா இருக்கீங்க? மாஸ்டருக்குத்தான் ஜனவரியிலயே குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்களே. அடுப்படிக்குள்ளயே பைப் இருக்கு, நல்ல வீடுலா" என்றார். அக்கா அவருக்குக் கண்ணைக் காட்டினார்கள். அவருக்குப் புரியவில்லை. நான் சிரித்துச் சமாளித்தேன்.

வீடு காலியாகவில்லை என்று எழுதினீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நான்கு பேர் முன்னால் காட்ட உங்களுக்கு வெட்கம். அதை நேராகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், தேறியும் இருப்பேன்.

விடுமுறைக்கு வரவேண்டாம். கட்டுரை இனி வராது.

சந்திரமதி


குளுவாங்,
31-3-1958

சந்திரா,

கடிதத்தைப் பள்ளிக்கூட ஓய்வறையில் நின்றுகொண்டே படித்தேன். முதல் வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். தலைவலி என்று சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

ஆமாம், நானும் சிரித்தேன். எல்லாருக்கும் முன்னால் நான்தான் சிரித்தேன். அதை எழுதும்போது கூசுகிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தக் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடம் நடத்த முடியவில்லை. உட்கார்ந்தபடியே நடத்துகிறேன்.

வீட்டு விஷயமும் உண்மை. ஜனவரியிலேயே சாவி கொடுத்துவிட்டார்கள். உன்னை அழைத்துவரத்தான் நினைத்திருந்தேன். அந்த மாதமே டீக்கு வந்த ஒரு வாத்தியாரின் மனைவி ஏதோ தப்பாகப் பேசிவிட, ஹெட்மாஸ்டரின் மனைவி மூக்கால் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த வாத்தியார் தட்டிலிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என் அப்பா எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நானே இந்த இங்கிலீஷைக் கடன் வாங்கின சட்டை மாதிரிதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே கிழிந்துவிடுமோ என்று எப்போதும் பயம். உன்னால் என் குட்டு வெளிப்படும் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான நினைப்பு!

சனிக்கிழமை நான் சிங்கப்பூருக்கு வந்தேன். நீ வரவேண்டாம் என்று எழுதியும் வந்தேன். தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, கெர்பாவ் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன். எதிரே பூக்கடை ஓரத்தில் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே நீட்டின மூங்கில் கம்பில் நீ துணி காயப்போட்டிருந்தது தெரிந்தது. அந்தப் படியில் கால் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவது? சரபத் கடையில் ஒரு டீ வாங்கி, அதையும் பாதியில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன். ரயிலில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

நான் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. புருஷன் என்று சொல்லிக்கொள்ள அதைவிட. அந்த வீட்டுக்கு எனக்கு அருகதை இல்லை. ஏப்ரல் கடைசியில் சாவியை ஹெட்மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சேதுபதி


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்,
5-4-1958

அத்தானுக்கு,

போன சனிக்கிழமை நீங்கள் பூக்கடை ஓரத்தில் நின்றதை நான் பார்த்தேன்.

துணியை எடுக்க ஜன்னலுக்கு வந்தபோது தெரிந்தது. முதலில் நம்பவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் குடை, நீங்கள் நிற்கும் விதம் எனக்குத் தெரியாதா? வரவேண்டாம் என்று எழுதினவள்தான். ஆனாலும் ஓடிப்போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். தலையை வாரினேன். கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். படியில் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சுண்டிப்போயிற்று. மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது நீங்கள் இல்லை.

உங்களுக்கு வெட்கமாக இருந்ததாம். எனக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்? தாழ்ப்பாளை மறுபடி போடக்கூட எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. அந்தோனியம்மாக்கா வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு இந்தக் காப்பி?" என்றார்கள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நல்ல கடிதம்தான். ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அத்தான், அதில் முழுக்க நீங்களே இருக்கிறீர்கள். உங்கள் வெட்கம், உங்கள் பயம், உங்கள் ரயில், நீங்கள் குடிக்காத டீ. பிள்ளை கலைந்து வந்தவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. வலித்ததா என்று கேட்கவில்லை. காய்ச்சலா, கசாயம் குடி என்று அதற்கு முந்தின கடிதத்தில் எழுதியதுதான் கடைசி விசாரிப்பு.

என் இங்கிலீஷுக்காக முன்னால் வெட்கப்பட்டீர்கள். இப்போது எனக்குச் செய்ததற்காக வெட்கப்படுகிறீர்கள். இரண்டு தடவையும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

என்னைப் பற்றிக் கேட்கத் தோன்றினால் எழுதுங்கள்.

சந்திரமதி


குளுவாங்,
8-4-1958

சந்திரா,

உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தம் நின்றுவிட்டதா? எழுந்து நடந்தால் தலை சுற்றுகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? விழுந்தபோது வேறு எங்கே அடிபட்டது? ரொம்ப வலித்ததா? ஆஸ்பத்திரியில் யாராவது ராத்திரி கூட இருந்தார்களா? தண்ணீர் இப்போது யார் தூக்குகிறார்கள்?

ஆணா பெண்ணா என்று ஏதாவது தெரிந்ததா?

தூங்குகிறாயா?

வேறு எதுவும் எழுத வரவில்லை. எழுதினதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் எல்லாம் நான்தான் இருந்தேன்.

சேதுபதி


கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்,
11-4-1958

அத்தானுக்கு,

ரத்தம் நின்றுவிட்டது. தலைச்சுற்றல் போன வாரம் வரைக்கும் இருந்தது, இப்போது இல்லை. சாப்பிடுகிறேன். அந்தோனியம்மாக்கா கருவாடும் பூண்டுமாகச் சமைத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் அவர்கள்தான் இருந்தார்கள், பெஞ்சில் சாய்ந்தபடி. தண்ணீரையும் அவர்களே தூக்குகிறார்கள். நான் வாளியைத் தொட்டால் கையில் அடி விழுகிறது.

இடது முட்டியிலும் இடுப்பிலும் அடி. முட்டி ஆறிவிட்டது. வலித்ததா என்று கேட்டீர்கள். வலித்தது அத்தான். கத்தினேன். மாடு மாதிரி கத்தினேன் என்று அக்கா சொல்கிறார்கள். கட்டுரையில் அதை எழுதவில்லை, அதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை.

ஆணா பெண்ணா என்று இரண்டு மாதத்தில் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். நான் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தைத்து மிஞ்சின துண்டுத் துணிகளையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம்தான் சரியாக வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். இந்தத் தடவை மேலே ஏறி வாருங்கள். நான் அழுவேன். திட்டினாலும் திட்டுவேன். நீங்கள் பதில் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அதற்கப்புறம் ஒன்று கேட்பேன். அந்த டீக்கு நானும் வருவேன். தெரிந்ததைப் பேசுவேன், தெரியாத இடத்தில் சும்மா இருப்பேன். யாராவது மூக்கால் சிரித்தால் சிரிக்கட்டும். அப்போது தட்டிலிருக்கும் கேக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்து உட்கார உங்களால் முடியுமா? கடிதத்தில் பதில் எழுதாதீர்கள். வந்து சொல்லுங்கள், நான் உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அதுவரைக்கும் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

சந்திரமதி